தப்புத் தப்பாய் ஒரு வினாடி வினா

"வேல்ஸோட தலைநகரம் எது?" புத்தகத்தைப் பார்த்துக் கேள்வியைப் படித்த டெரிக், பதிலையும் தானே சொன்னார். "ஸ்வான்ஸீ."

ஆஸ்பத்திரி வார்டில் எதிர்க்கட்டிலில் படுத்திருந்த பாலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாதத்தில் அவளுக்கு இடது கைதான் விளங்காமல் போயிருந்தது. வாய் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தது.

"அது கார்டிஃப்ப்பா. பள்ளிக்கூடத்துப் பக்கமே நீ ஒதுங்கினதில்லையா?"

டெரிக் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலில் கண்மூடிக் கிடந்த தன் மனைவி லோர்னாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

"எட்டாம் ஹென்றி ராஜாவுக்கு எத்தனை பொண்டாட்டி? நாலு."

"ஆறு. மத்த ரெண்டு பேர் உனக்கு என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள் பாலின்.

டெரிக் மறுபடியும் மனைவியின் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஃபுட்பால்ல நம்ம இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயிச்ச வருஷம்? எழுபது."

பாலினுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இந்த ஹல் நகரத்தில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் அறுபத்தாறு என்று சொல்லுமே. "இதைத் தப்பா சொல்றவன நாடு கடத்தணும். பாவம் அந்தப் பொம்பள, எழுந்து ஓடக்கூட முடியாம மாட்டிக்கிட்டா."

சொன்ன பிறகுதான், அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போன வாரம் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தவள் லோர்னா. அப்புறம் கண்ணே திறக்கவில்லை. "பேசிக்கிட்டே இருங்க, காதுல விழலாம்" என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். இன்று காலை அவர் பேச்சு மாறிவிட்டது.

"நாளைக்கு உங்க பிள்ளைங்களையும் வரச் சொல்லுங்க. மேற்கொண்டு என்ன செய்யறதுன்னு உட்கார்ந்து பேசணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

டாக்டர்கள் அப்படி மெதுவாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று டெரிக்குக்குத் தெரியும். கூரை வேலை பார்த்தே காலம் தள்ளிய மனுஷன். எந்த வீட்டில் ஒழுகினாலும் ஏணியைச் சாத்தி ஏறிச் சரிசெய்துவிட்டுத்தான் இறங்குவார். இங்கே ஏறவும் வழியில்லை, சரிசெய்யவும் ஒன்றுமில்லை. உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது.

நர்ஸ் அபியோலா டீ கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"டெரிக், ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. பதில் தெரியலேன்னா கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே, பார்த்துச் சொல்லலாமே?"

"தெரியாம இல்லம்மா." டெரிக் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "வியாழக்கிழமையானா எங்க பப்புல வினாடி வினா நடக்கும். எங்க டீமுக்கு இவதான் தலைவி. தப்பான பதில் காதுல விழுந்தா இவளுக்குப் பொறுக்காது. லண்டன்ல ஊரே எரிஞ்சுச்சே, அந்த வருஷத்தப் பல் டாக்டர் ஒருநாள் தப்பா சொல்லிட்டார். வாய்க்குள்ள மெஷின் ஓடிக்கிட்டிருக்கு, அப்பவே அவர் கையத் தட்டிவிட்டுத் திருத்தினா."

அபியோலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நானும் வேணும்னே தப்பா சொல்லி இவள வம்புக்கு இழுப்பேன். ஒரு தடவகூட விட்டதில்ல. தூக்கத்துலேர்ந்துகூட எழுந்து திருத்தியிருக்கா. அந்த நம்பிக்கையிலதான் இன்னிக்கு இந்தப் புத்தகத்துல இருக்கறது பூராவும் தப்பாவே சொல்லிட்டேன். ஒரு புருவம்கூட அசையலம்மா. எனக்கு வேற என்ன பண்றதுன்னே தெரியல."

அபியோலா அவர் தோளில் கையை வைத்தபடி நின்றாள். பாலின் நல்லாயிருந்த கையால் மூக்கைச் சிந்தினாள்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா. மனசுல வச்சுக்காத" என்றாள்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. டெரிக் புத்தகத்தைப் பைக்குள் போட்டார், கோட்டை மாட்டினார், மனைவியின் பக்கம் குனிந்தார்.

"தோத்துட்டேன் லோர்னா. இனிமே உன்னத் தொந்தரவு பண்ணல. ஒண்ணே ஒண்ணு மட்டும், புத்தகம் இல்லாம, சரியா சொல்லிட்டுப் போறேன். பிரிட்டன்லேயே நீளமான ஆறு எது?" அவள் நெற்றியில் முத்தமிட்டார். "தேம்ஸ்."

"அப்பாடா, ஒண்ணாவது சரியா வந்துச்சு" என்றாள் பாலின். அபியோலாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

டெரிக் வாசல்வரை போய்விட்டார். அப்போது பின்னால், லோர்னாவின் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டை காய்ந்துபோய், கரகரவென்று, ஆனால் கறாராகவே வந்தது.

"தப்பு... செவர்ன்."