உள் தையல்

“இசபெல்லா டேப் வச்சுச் சொல்லட்டும். தொடை கொறயலன்னா நாளையில இருந்து நடையும் கெடையாது, கூழும் கெடையாது” என்றபடி ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள் ஈவாஞ்சலின்.

செல்வதுரை சாவியைத் திருகாமல் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவிக்குத் தெரியாமல் அவன் செய்துவைத்த காரியம் இன்னும் பத்து நிமிடத்தில் தையல் கடையில் அம்பலமாகப் போகிறது. அப்புறம் அவளை நடக்க வைக்க யாராலும் முடியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. எல்லோரும் பாயில் உட்கார, ஈவாஞ்சலின் மட்டும் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். தொடை கனத்துப்போய்க் காலை மடக்கவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். மறுநாளே எங்கேயோ போய் ஒரு சாப்பாட்டு அட்டவணை வாங்கி வந்து, கப்பல் படம் போட்ட உள்ளங்கை அகலக் காந்தத்தால் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

பொரிச்ச பரோட்டா கூடாது. மக்ரூன் இனிப்பு கூடாது. டீயில் சீனி மட்டுமல்ல, கருப்பட்டியும் கூடாது. காலையில் கம்பங்கூழ், இரவில் சுண்டல். மீனைக் குழம்பாக வைக்கலாம், பொரிக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவது இருபது தடவை, முக்கால் மணி நேரம் வேக நடை. தொடையை மட்டும் தனியாகக் கரைக்க முடியாதாம், உடம்பு மொத்தமாக இறங்கினால்தான் அதுவும் இறங்குமாம்.

பீச் ரோட்டில் விடியற்காலையில் நாய் விரட்டும், தனியாகப் போக மாட்டேன் என்றாள். செல்வதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஷிப்ட் முழுக்கக் கூண்டுக்குள் உட்கார்ந்தே பழகியவனுக்கு நடை என்றால் வேப்பங்காய். வேலையிடத்தில் வருஷா வருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக்கூட உறையைப் பிரிக்காமல் பீரோவில் போட்டுவிட்டு, எனக்கென்ன கேடு என்கிற ஆள். ஆனாலும் பெண்டாட்டி அழுத முகம் கண்ணுக்குள்ளேயே நின்றதால் கூடப் போனான். அவள் கூழ் குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து மக்ரூன் தின்ன மனம் வருமா? அவனும் கூழ்தான் குடித்தான்.

திங்கட்கிழமை தோறும் ஒரு பழைய நீல சுடிதார் பேன்ட்டைப் போட்டுப் பார்ப்பாள். இரண்டாவது திங்களன்றும் அது தொடையை இறுக்கிப் பிடித்தது. முகம் வாடிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இதற்கு முன் இரண்டு தடவை இதே இடத்தில்தான் அவள் எல்லாவற்றையும் விட்டிருக்கிறாள்.

செல்வதுரை யோசித்தான். பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தையல்காரர்கள் உள்ளே கொஞ்சம் துணியை விட்டு, பக்கத்தில் பக்கத்தில் மூன்று நான்கு வரிசை தையல் போட்டுத் தருவார்கள் அல்லவா? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் சர்ச்சுக்குக் கொயர் பிராக்டிஸ் போயிருந்தபோது, பேன்ட்டின் தொடைப் பக்கம் உள்ளே இருந்த முதல் வரிசையைப் பிளேடால் பிரித்துவிட்டான்.

திங்களன்று, “ஏங்க, லூசாயிட்டுங்க” என்று ஓடி வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, எண்ணிப் பார்க்காமல் உள்ளே கைக்குக் கிடைத்த வரிசையைப் பிரித்தான். மொத்தம் மூணு தடவை.

இப்போது அவளுடைய அக்கா மகள் கல்யாணத்துக்குப் புதுச் சுடிதார் தைக்க வேண்டும். இசபெல்லாவின் நோட்டில் பழைய அளவு இருக்கிறது. பேன்ட்டை ஏமாற்றலாம், டேப்பை ஏமாற்ற முடியுமா?

கடையில் இசபெல்லா டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள். செல்வதுரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, போன தடவை இருபத்தாறு. இப்ப இருபத்து மூணரை. என்னக்கா பண்ணுனிய?”

செல்வதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிஜமாகவே குறைந்திருக்கிறாள். வழியெல்லாம் சந்தோஷமாக வண்டி ஓட்டியவனுக்கு வீட்டு வாசலில்தான் அது உறைத்தது. அவளும் இளைத்து, அவனும் பிரித்திருந்தால் அந்தப் பேன்ட் தொடையில் தொளதொளவென்று தொங்க வேண்டும். இந்தத் திங்களன்று அளவாக அல்லவா இருந்தது?

உள்ளே போய் பேன்ட்டை எடுத்துப் புரட்டினான். தையல் வரிசையை எண்ணினான். நாலு. மூணு தடவை பிரித்திருக்கிறான், ஒரு வரிசைதான் மிச்சம் இருக்க வேண்டும்.

“முத தடவையே பாத்துட்டேன்” என்றாள் பின்னால் வந்து நின்ற ஈவாஞ்சலின். “கட்டிலடியில நூலு கெடந்துச்சு. நீங்க சனிக்கிழமை பிரிச்சத, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க தூங்கும்போது தச்சிருவேன். எனக்கு நெசம் தெரியணும்லா.”

“அப்ப லூசாயிட்டுன்னு சொன்னது?”

“மொதல்ல சொன்னதெல்லாம் பொய்தான். எனக்காகத்தான நடந்திய? ஒண்ணும் கொறயலன்னு நான் ஒக்காந்திருந்தா நீங்களும் அன்னைக்கே விட்டிருப்பிய.”

“நான் விட்டா என்னளா? எனக்கென்ன கேடு?”

அவள் கண் கலங்கிவிட்டது. ஃபிரிட்ஜைக் காட்டினாள். செல்வதுரை போய், மூன்று மாதமாக அட்டவணையின் தலைப்பை மறைத்துக்கொண்டிருந்த கப்பல் காந்தத்தை எடுத்தான்.

அதன் அடியில் டாக்டர் கையெழுத்தில் இருந்தது: ‘பெயர்: செல்வதுரை. வயது 44. சர்க்கரை 310.’