கை கழுவுற பாட்டு

ப்ளே ஸ்கூல் கேட்டுக்கு வெளியே நின்றபடி, சிட்டுவின் அம்மா புது ஆயாவின் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் மூக்கும் காதும் அவளுக்கு அத்துப்படி. ஆயாவின் வலது காது மேலே லேசாக மடிந்திருந்தது, அசல் சிட்டுவின் காதைப் போலவே.

ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்திரண்டு வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லா வாண்டுகளும் "அக்கா, அக்கா" என்று அவள் பின்னாலேயே சுற்றின.

சந்தேகம் போன வாரம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஆரம்பித்தது. சிட்டுவும் அவள் சிநேகிதன் தக்காளியும் (கன்னம் அப்படி) ஷூ மாட்டுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து பெரிய ஆராய்ச்சியில் இருந்தார்கள்.

"அக்காவோட கை கழுவுற பாட்டும் சாப்பிடுற பாட்டும் ஒரே பாட்டு" என்றான் தக்காளி.

"போடா. அதுல சோப்பு வருது, இதுல ஸ்பூன் வருது."

"வாயை மூடிக்கிட்டுப் பாடிப் பாரேன்."

சிட்டு வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தாள். கண் இரண்டும் விரிந்தன. "ஐயோ, ஆமாடா! தூங்க வைக்கிற பாட்டும் அதேதான்!" என்றவள், கூட்டிப் போக வந்து நின்ற அம்மா பக்கம் சட்டென்று திரும்பி, "அம்மா, நம்ம வீட்டுத் தூங்குற பாட்டும் இதேதாம்மா!" என்றாள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் அந்த ராகம் அவளுடையது இல்லை. சிட்டுவே அவள் பெற்ற பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்தபோது, சிட்டுவுக்குப் பேச்சு வரவில்லை, அந்த ராகம் மட்டும்தான் வந்தது. குளிக்கும்போதும் அதைத்தான் முனகும், சாப்பிடும்போதும் அதேதான், தூக்கம் வந்தாலும் அதேதான். வேறு எங்கும் கேட்டிராத அந்த ராகத்துக்கு வார்த்தை கட்டித் தாலாட்டாக்கியது மட்டும்தான் அம்மாவின் வேலை.

பெற்றவள் பாடியதாக இருக்கும் என்று அவள் அப்போதே நினைத்தாள். வீட்டை மாற்றி, பழகியவர்களிடம்கூட மூச்சு விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தாள். இப்போது அதே ராகம் வேலைக்குச் சேர்ந்து, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிறது.

"அவதாங்க இவளைப் பெத்தவ. காதைப் பாத்தீங்கள்ல?" என்றாள் கணவனிடம்.

"அப்படிப் பாத்தா என் காதும்தான் மடிஞ்சிருக்கு. நானா பெத்தேன்?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு!"

அதன்பின் அவள் கண்கொத்திப் பாம்பாக ஆயாவைக் கவனித்தாள். சிட்டுவுக்குத் தலை சீவும்போது மட்டும் அந்தக் கை ஒருமுறை கூடுதலாகத் தடவியது. டாட்டா காட்டி முடித்த பிறகும், அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். குழந்தை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவரின் கண்ணாடியை இன்னொருவர் மூக்கில் மாட்டித் திட்டும் வாங்கினாள்.

இன்று காலையும் கேட்டில் நின்று அந்தக் காதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனவள், பொறுக்க முடியாமல் பாதி வேலையில் கிளம்பி வந்துவிட்டாள். உள்ளே குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயா சிட்டுவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தட்டிக்கொடுத்தபடி அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாஷ் பேசின் பக்கம் கூட்டிப் போனாள். குழந்தைகள் எழுந்துவிடுமே என்று குசுகுசுப்பிலேயே கத்தினாள். "இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆயாவின் முகம் வெளுத்தது. "சின்ன வயசுலேருந்தே தெரியும்மா."

"பொய் சொல்லாத. சிட்டு யாருன்னு உனக்குத் தெரியும்தானே?"

ஆயா தலையைக் குனிந்துகொண்டாள். "சேந்த அன்னிக்கே பாப்பா இதை முனகினா. அப்பவே தெரிஞ்சுபோச்சும்மா."

அவ்வளவுதான். அம்மா வெடித்துவிட்டாள். "கேட்டுக்கோ. பெத்துப் போட்டுட்டுப் போனவளுக்கு இப்ப வந்து சொந்தம் கொண்டாட உரிமை கிடையாது. காய்ச்சல்ல கூடவே கண்ணு முழிச்சவ நான். பேச்சு சொல்லிக் குடுத்தவ நான். கோர்ட்டுக்கே போனாலும் தர மாட்டேன்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. வீறாப்பெல்லாம் எங்கோ போய், "எங்கிட்டேருந்து அவளைப் பிரிச்சுடாதம்மா" என்று கை கூப்பிவிட்டாள்.

ஆயா பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, என்னம்மா நீங்க! நான் பாப்பாவைப் பெத்தவ இல்லம்மா."

"அப்புறம் இந்தப் பாட்டு?"

ஆயா தூங்கும் சிட்டுவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அந்த இல்லத்துல எல்லாத்துக்கும் இந்த ஒரு பாட்டுதாம்மா. பாப்பாவுக்கு நீங்க வந்தீங்க. எனக்குத்தான் கடைசிவரைக்கும் யாரும் வரல."