சனிக்கிழமை ஓவர்ரைம்

“அண்ணை, வாற சனிக்கிழமை மாத்து உடுப்பு ஒண்டும் கொண்டு வாங்கோ. போனமுறை மாதிரி நனைஞ்சபடி வீட்டை போனால் மனிசி பிடிச்சிடுவா.”

காருக்குள் ஒரு பெண்குரல் சிரித்தது. துர்க்கா ஸ்ரியரிங்கில் வைத்த கையை எடுக்கவில்லை.

கோயில் வாசலில் காருக்குள் இருந்தபடியே வழக்கம்போல அரைமணி நேரம் போன் கதைத்துவிட்டு, அப்போதுதான் வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். கராஜுக்குள் நின்ற கணவன் இரத்தினவேலின் போன் தானாகவே காரோடு தொடுத்துக்கொண்டது. மணி அடித்ததும் பதற்றத்தில் விரல் பொத்தானில் பட்டுவிட்டது. திரையில் ‘பேர்ணடெற்’ என்று பெயர். துர்க்கா ஒரு சொல்லும் பேசாமல் அழைப்பை வெட்டினாள்.

சனிக்கிழமைகளில் ஒஷாவா வெயர்ஹவுஸில் ஓவர்ரைம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவரின் காற்சட்டை முழங்கால்வரை ஏன் நனைய வேண்டும்? உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம் ஏன்? கேட்டதற்கு, பைப் உடைந்துவிட்டது என்றார். ஒரு பைப் எத்தனை சனிக்கிழமை உடையும்?

அன்று பின்னேரம் துவைத்த உடுப்புகளை வைக்கிற சாட்டில் அவருடைய அலுமாரி லாச்சியைத் துழாவினாள். அவருடைய பாஸ்போர்ட்டைக் காணவில்லை. அவளுடையது மட்டும் தனியே கிடந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வீடு எப்போதோ ஊமையாகிப் போய்விட்டது. மண்டபம் எடுத்து, ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு மகள் நிலாணி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று லண்டனுக்குப் போய்விட்டாள். இனி அவளுடைய பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது, ஒருவரும் அவளோடு கதைக்கவும் கூடாது என்று இரத்தினவேல் சட்டம் போட்டார். மகளைப் பற்றிக் கதைக்க முடியாத வீட்டில் வேறு எதைப் பற்றியும் கதைக்க வாய் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் எவளோ ஒருத்தி நுழைந்துவிட்டாள் என்று துர்க்கா முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை காலையில் வோபர்னில் இருக்கும் சிநேகிதியின் காரை இரவல் வாங்கி, வீதி முனையில் காத்திருந்தாள். இரத்தினவேலின் கார் ஒஷாவாப் பக்கம் திரும்பவேயில்லை. தெற்கே இறங்கி, ஸ்காபரோ மண்மலைகளின் அடியில், படகுகளைக் கட்டிவைக்கிற ஏரிக்கரையில் போய் நின்றது.

தண்ணீருக்குள் நீட்டியிருந்த பலகை மேடையில் ஒரு பெண் நின்றாள். கட்டையாக வெட்டிய தலைமயிர், நாற்பது வயது இருக்கும். இரத்தினவேலுக்கு மிதவை அங்கியை மாட்டிவிட்டு, நெஞ்சுப் பட்டியை இழுத்து இறுக்கினாள். துர்க்கா காரை விட்டு இறங்கி மேடையை நோக்கி நடந்தாள்.

பிறகு அவர் ஒரு நீளமான பழைய படகில் ஏறினார். அதைக் கண்டு துர்க்காவின் கால் ஒரு கணம் தயங்கியது. நீந்தத் தெரியாத மனிதர். நயாகராவுக்குக் கூட்டிப்போனால்கூடக் கம்பிக்குப் பத்தடி தள்ளி நிற்பவர்.

அவர் சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள, படகு நேர் எதிர்ப் பக்கம் திரும்பி மேடை ஓரத்தில் தொங்கிய பழைய ரயர்களில் மோதியது. எழும்பிய தண்ணீர் அவரை முழுக்க நனைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே துர்க்கா நின்றாள்.

“நீங்கள் ஆர்?” என்றாள் அந்தப் பெண்.

“அவரின்ரை மனிசி.”

பேர்ணடெற்றின் முகம் மலர்ந்தது. “கடைசியிலை சொல்லிப்போட்டார் போலை. நானும் எத்தினை பேருக்குப் படகு ஓட்டப் பழக்கியிருக்கிறன் அக்கா, இப்பிடிப் பயந்து பயந்து ஒழுங்கா வாற ஆளைக் கண்டதில்லை.” தேத்தண்ணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

இரத்தினவேல் மேடையில் ஏறிப் பலகையில் குந்தினார்.

“நிலாணி,” என்றார்.

பனிக்காலத்தில் ஒருநாள் மனம் கேளாமல் அவரே மகளுக்குப் போன் எடுத்தாராம். லண்டனில் வாடகை கட்டுப்படியாகாமல் ஒடுங்கிய நீளப் படகொன்றை வாங்கி, கால்வாயில் அதிலேயே குடியிருக்கிறாளாம். கால்வாய்த் தண்ணீர் அசையாது, பயமில்லை. ஆனால் இப்போது படகைப் புது இடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கடலோடு சேர்ந்து நீர் ஏறி இறங்குகிற பெரிய ஆற்றில் இறங்கித்தான் போகவேண்டும். அங்கே எஞ்சின் நின்றால் இழுப்பு படகைக் கொண்டுபோய்ப் பாலத்தில் அடிக்கும். அவளும் பழக்கமில்லாதவள்.

“தனியப் போகப்போறன் எண்டாள். விடேலுமே? அதுதான் நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டு இதைப் பழகிறன். அடுத்த கிழமை பிளேன். சட்டம் போட்ட நானே உமக்கு எந்த முகத்தோடை சொல்லுறது?”

துர்க்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் இருந்தாள். அவருடைய கையை எடுத்து, கயிறு அறுத்த இடத்தைப் பார்த்தாள்.

“நங்கூரம் விடப் பழகினீங்களோ? அந்த ஆத்திலை எஞ்சின் நிண்டால் முதல் வேலை அதுதான்.”

இரத்தினவேல் அவளைத் திரும்பிப் பார்த்தார். நங்கூரத்தைப் பற்றி அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

“கோயில் வாசலிலை போனிலை கதைக்கேக்கை, ‘பயப்பிடாதேங்கோ அம்மா, துணைக்கு ஒரு ஆள் கிடைச்சிட்டுது’ எண்டு சொன்னவள்,” என்றாள் துர்க்கா. “அது நீங்களெண்டு சொல்லேல்லை.”