அழித்த வரி

விசைப்பலகையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், அழித்தவை உட்பட, கடிதத்தோடு போய்ச் சேரும் காலம் அது. அதனால் சிவகாசியின் அந்தக் காலண்டர் அச்சகத்தில் எல்லோரும் முக்கியமான கடிதங்களை முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கணினியில் தட்டுவார்கள். அன்று காலை மேலாளர் வேலாயுதபெருமாள் அவசரத்தில் அதை மறந்துபோனார்.

மெய்ப்புத் திருத்தும் மங்கையர்க்கரசியின் அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை காலண்டர் அச்சுக்குப் போக வேண்டும். "சனிக்கிழமைக்குள் வேலைக்கு வந்துவிடுவீர்களா?" என்று அவளுக்குத் தட்டியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அழித்தார். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதி அனுப்பினார்.

பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், பேப்பர்ல எழுதிப் பாக்கலையா? அழிச்சீங்களே, அதுவும்ல போயிருக்கும்!"

அவர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். "திரும்ப எடுக்க முடியாதாம்மா?"

"இனிமே எடுத்து என்ன செய்ய? அந்தா, பதிலே வந்துருச்சு."

மங்கையர்க்கரசி தட்டிய வரிசையிலேயே எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன.

"ஆபீஸ்ல நல்ல மனுசன் நீங்க ஒருத்தர்தான்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அந்த வரி கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை நிதானமாக அழிந்தது. பிறகு வேறொரு வரி வந்து நின்றது.

"சனிக்கிழமை வந்துடுறேன் சார்."

வேலாயுதபெருமாள் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.