தந்திக்கால் நாரை

“டீச்சரே திருடினா பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும், நீங்களே சொல்லுங்க.”

இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் நிறுவனத்தின் மேலாளர், கைபேசியைத் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தார். ஐந்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“என்ன திருடினாங்க?” என்றார் தலைமையாசிரியை.

“தந்திக்கால் நாரை.”

“நாரையையா?”

“வலசை போற பறவைகள்னு எங்க பாடம் ஒண்ணு இருக்கு மேடம். அதில வர்ற பறவை. இவங்க வகுப்பை வீடியோ எடுத்து இணையத்தில போட்டிருக்கீங்க. அதிலயும் வருது.”

“காய்ச்சல்னு லீவு போடற பிள்ளைங்க பார்க்கட்டும்னு நான்தான் போடச் சொன்னேன். ஆபீஸ்ல வெட்டாம ஒட்டாம அப்படியே ஏத்திடுவாங்க. ஒரே பறவை ரெண்டு பாடத்தில வரக் கூடாதா? நாரை யாருக்குச் சொந்தம்?”

“மத்த நாரையெல்லாம் ஊருக்குப் பொது. இது எங்களுக்கு மட்டும்தான் சொந்தம்.” மேலாளர் முதல் தடவையாகச் சிரித்தார். “ஏன்னா, அப்படி ஒரு பறவையே கிடையாது. நானே உட்கார்ந்து யோசிச்சு வச்ச பேரு. எங்க பாடத்தைக் காப்பியடிக்கறவன் இதையும் சேர்த்து அடிப்பான். மாட்டிக்குவான். எலிப்பொறி மாதிரி.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தந்தியே போய்ச் சேர்ந்தாச்சு. அதுக்கு ஒரு கால், காலுக்கு ஒரு நாரை. சரி, பாடம் நடத்தறதுக்காகக் கொஞ்சம் எடுத்துக்கலாம்னு சட்டத்திலேயே இடம் இருக்குன்னு சொல்றாங்களே?”

“நாலு சுவருக்குள்ள நடத்தட்டும், நான் ஏன் கேட்கப்போறேன்? இது ஊரே பார்க்கற இடம். எங்க பேரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

“உங்க பாடத்தைப் படிக்கற பிள்ளைங்களும் இந்த நாரையைத்தான் படிக்குதா?”

“ஒரே ஒரு பறவைதானே மேடம். பரீட்சைக்கா வரப்போகுது?” மேலாளர் பேச்சை மாற்றினார். “நோட்டீஸே அனுப்பியிருப்பேன். என் பொண்ணும் இங்கதான் படிக்கறா, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வேணாமேன்னு நேர்ல வந்தேன். வீடியோவை எடுக்கணும். இவங்க எழுத்துமூலமா மன்னிப்புக் கேட்கணும். அதுக்கப்புறம் இவங்களை வேலையில வச்சுக்கறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

ஆசிரியைக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“வீடியோவை எடுத்துடச் சொல்லுங்க மேடம்.”

“அது இருக்கட்டும். காப்பியடிச்சீங்களா, இல்லையா?”

“மன்னிப்பும் எழுதிக் கொடுத்துடறேன்.”

“பார்த்தீங்களா?” என்றார் மேலாளர். “கையும் களவுமா மாட்டினா வாயிலேர்ந்து வேற என்ன வரும்?”

தலைமையாசிரியை அவரைப் பார்த்தார். “நீங்க அந்த வீடியோவை முழுசாப் பார்த்தீங்களா சார்?”

“பார்க்கவே வேண்டாம். கம்ப்யூட்டரே தேடிப் பிடிச்சுடும். பேரை எந்த இடத்தில சொல்றாங்கன்னுகூடக் காட்டிடும்.”

“அந்த இடத்தைப் போடுங்க.”

“வேணாம் மேடம்.” ஆசிரியை மேசையருகே வந்துவிட்டார். “நான்தான் ஒத்துக்கறேனே. சார் கிளம்பட்டும்.”

“இப்ப ஒத்துக்குவாங்க, நாளைக்கு மாத்திப் பேசுவாங்க. நீங்களே கேளுங்க மேடம்.” மேலாளர் ஒலியைக் கூட்டி வைத்தார்.

திரையில் கரும்பலகை. அதன் முன்னால் ஆசிரியை.

“வலசை போற பறவை ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.”

“தந்திக்கால் நாரை!” என்று ஒரு சின்னக் குரல் முந்திக்கொண்டது.

மேலாளரின் கை கைபேசிக்கு நீண்டது. தலைமையாசிரியை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்படி ஒரு பறவை இல்லையே கண்ணு. யாரோ உனக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அந்தக் குரல் அழுகையும் ஆத்திரமுமாக எழும்பியது.

“யாரோ இல்ல மிஸ், எங்கப்பா! எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு!”