பூட்டிய அறைக்கு மட்டும் கரண்ட்

மத்தியானம் கரண்ட் போனதும் டிவி, ஃபிரிட்ஜ், சங்கரலிங்கத்தின் தலைக்கு மேலே ஓடிய ஃபேன் எல்லாம் நின்றுவிட்டன. மகள் எழிலியின் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவடியில் அதன் நீல வெளிச்சம் தெரிந்தது. வடிவாம்பாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல்பேச்சு கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு மகள் போன அன்றே கணவர் சங்கரலிங்கம் பூட்டிய அறை அது. அவள் பெயரைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது.

மெக்கானிக் ரியாஸை வரவழைத்தாள். "புது யூபிஎஸ் கோளாறா தம்பி?"

"கோளாறெல்லாம் இல்லைம்மா. எது நின்னா இந்த வீட்டு ஆளுங்களுக்குத் தாங்காதுன்னு அதுவே பார்த்துத் தெரிஞ்சுக்கும். பேட்டரி கம்மியா இருந்தா அதை மட்டும் காப்பாத்தும். யாரோ தினமும் அந்த கம்ப்யூட்டர் முன்னாடி போய் உட்காருறாங்க."

"நான் உள்ளே போனதே இல்லையே. சாவிகூட என்கிட்ட கிடையாது."

சொன்ன பிறகுதான் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காத்து வேண்டாம் தம்பி," என்றார். "அது பாட்டுக்கு ஓடட்டும்."