ஒரு நாளைக்கு என்ன பெர்மிட்?

"பாய், நாளைக்கு ஒரு நாள் காசிமை அனுப்புங்க. இல்லன்னா என் மானம் போயிடும்."

மலேசியாவில் அசாம் ஜாவா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நூருல் அமீனிடம் உடையப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாத மனுஷன், பாவம்.

விஷயம் இதுதான். விடிந்தால் மகள் திலகாவுக்குக் கல்யாணம். சாயங்கால விருந்துக்குப் பிரியாணி போட ரவாங்கிலிருந்து வரவேண்டிய சமையல்காரர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? பிரியாணிக்கு ஊரே கைகாட்டுவது நூருல் அமீன் கடைக் காசிமைத்தான். தமிழ்நாட்டுத் தொண்டியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன்.

"காசிம் வர மாட்டான்," என்றார் நூருல் அமீன்.

"நாளைக்கு அவனுக்கு லீவு நாள்தானே?"

"லீவுதான். ஆனா என் ஆளு வெளியில போயி கரண்டி புடிக்கக் கூடாது. அவன் பெர்மிட்ல என் கடை பேருதான் இருக்கு."

"ஒரு நாளைக்கு என்னா பெர்மிட்லா? சம்பளத்தை நானே அவன் கையில குடுத்துடறேன்."

"அது இன்னும் மோசம். வேற இடத்துல சம்பளத்துக்கு வேலை செஞ்சான்னு தெரிஞ்சா அவனைத்தான் புடிப்பாங்க. ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க."

"கல்யாண மண்டபத்துக்கு இமிகிரேஷன் எதுக்கு வரப் போவுது? சரி, உங்க கடையிலயே ஆக்கிக் குடுங்க."

"இந்த அடுப்புல கல்யாணத் தேக்சா ஏறுமா? நீயே பாரு."

உள்ளே பரோட்டாக் கல்லருகே நின்ற காசிம் மாவை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தான். போகலாமே என்கிற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் உடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மனசில்லன்னு நேரா சொல்லிடுங்க பாய். சும்மா சட்டத்தை இழுக்காதீங்க. லீவு நாள்லகூட அவன் எங்க போவணும்னு நீங்கதான் சொல்லுவீங்களோ? அவன் வேலைக்காரன், அடிமை இல்ல."

"உடையப்பா, முழுசா கேளுய்யா..."

எங்கே கேட்டார்? லோரி கிளம்பிப் போய்விட்டது.

வீட்டில் மனைவி புஷ்பவள்ளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல பிரியாணின்னு சொல்லித் தொலைச்சாச்சே. இப்ப வெறும் சோறும் கோழிக்கறியும் போட்டா, காலத்துக்கும் திலகாவைக் குத்திக் காட்டுவாங்க."

"பாயை நல்ல மனுஷன்னு நம்பிட்டேன்," என்று பொருமினார் உடையப்பன். "சம்பளம் குடுக்கிறதால ஆளையே வாங்கிட்டதா நெனப்பு."

மறுநாள் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் உடையப்பன் புக்கிட் பெலிம்பிங் மண்டபத்துக்கு ஓடினார். சொந்தக்காரப் பெண்களை வைத்துச் சமையலை எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும்.

வாசலிலேயே பிரியாணி வாசம் ஆளைத் தூக்கியது.

பின்கட்டுக்குப் போனால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய தேக்சா முன்னால் நிற்கிறார் நூருல் அமீன். பக்கத்தில் அவர் மனைவி ஆமினா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாய்..."

"நேத்து பாதிப் பேச்சுல லோரியை எடுத்துட்டுப் போயிட்டே. மிச்சத்தை இப்பவாவது கேளு. நான் இந்த நாட்டுக்காரன்லா. என் கரண்டிக்குப் பெர்மிட் வேணாம்."

"அப்ப கடை?"

"பூட்டியாச்சு."

ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். நேற்றுப் பேசிய பேச்சுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது உடையப்பனுக்கு.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நடு மேசையில், இஸ்திரி போட்ட பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு காசிம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரோ பிரியாணித் தட்டுகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வர, சட்டென்று எழுந்து கை நீட்டினான்.

"காசிம், உக்காரு. தட்டைத் தொடாதே," என்று அதட்டினார் நூருல் அமீன்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உடையப்பனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"ஏன் பாய், இங்கேயும் அவனை விரட்டணுமா?"

"தட்டைத் தூக்கினா வேலைக்காரன். உக்காந்து சாப்பிட்டா விருந்தாளி. சாப்பிடறதுக்கு எந்தப் பெர்மிட்டும் தேவையில்ல," என்று சொல்லிவிட்டு நூருல் அமீன் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

உடையப்பன் ஒரு தட்டு நிறையப் பிரியாணி எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே காசிம் முன்னால் வைத்தார்.

"வந்ததுல ரொம்ப சந்தோஷம் தம்பி."

காசிம் கூச்சத்தோடு எழுந்து நின்றான்.

"இந்த நாட்டுக்கு வந்து நான் பாக்குற மொதக் கல்யாணம் இதுதான் மாமா. எங்க முதலாளிகிட்ட நேத்து நீங்க போன்ல சொன்னீங்களாமே, சமைக்க வரலன்னாலும் பரவால்ல, காசிம் கட்டாயம் விருந்துக்கு வரணும்னு. சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே வரல."

நேற்று போனைத் தொடவே தொடாத உடையப்பன், "ஆமா தம்பி, உக்காந்து சாப்பிடுங்க," என்று தலை நிமிராமல் இன்னும் இரண்டு கரண்டி வைத்தார்.